ராமாயியிடம் நான் சொல்லாமல் விட்டது

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஐயா சிவராஜ் அவர்களே! யாங்கோன் தமிழ் வாசகர் வட்டத்துப் பெரியோர்களே! வேலை முடிந்த கையோடு லைங் தாயாவிலிருந்து பேருந்தில் நின்றபடியே வந்து சேர்ந்த தாய்மார்களே! தமிழ் பாதியே புரிந்தும் பொறுமை காக்கும் இளைஞர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

'ஜான் லாக்கின் தாக்கம்' என்று தலைப்புத் தந்தீர்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த அரசியல் அறிஞர். என்ன சொன்னார்? மக்களின் ஒப்புதலால்தான் ஆட்சி என்றார். இந்த நாட்டில் இருந்துகொண்டு அதைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். உழைத்தவருக்கே உடைமை என்றார்! அங்கே யாரோ கை தட்டுகிறீர்கள். வேண்டாம் ஐயா, முழுக்கக் கேட்டால் கை எழாது.

லைங் தாயாவில் ராமாயி என்றொரு பெண், ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவர். ஆலைக்குப் பின்னால் ஒரு சேற்றுப் பள்ளம். மண் சுமந்தார், மழை கரைத்தது. மறுபடி சுமந்தார், மறுபடி கரைத்தது. பத்து ஆண்டுகள் சுமந்தார்! பள்ளம் தரையானது, தரைமேல் தகரக்கூரை ஏறியது. ஞாயிறுதோறும் அங்கே பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "பாடுபட்டு உண்டாக்குன மண்ணு பாடுபட்டவங்களுக்கே சொந்தம்னு பெரிய அறிஞரே சொல்லியிருக்காரும்மா" என்று அளந்தேன்.

ஏழு நாளில் காலி செய்யச் சொல்லி அதிகாரிகளின் அறிவிப்பு வந்தது. அக்கம்பக்கத்தார் தகரத்தையும் மூங்கிலையும் பிரித்துக்கொண்டு போனார்கள். ராமாயி நகரவில்லை. "சயா படிச்ச மனுசன், பொய்யா சொல்வாரு? இது என் மண்ணு!" வாத்தியாரைத்தான் இங்கே சயா என்போம். எட்டாம் நாள் இடிக்கும் இயந்திரம் வந்தது. பிரித்தவர்களுக்குத் தகரமாவது மிஞ்சியது. என்னை நம்பியவருக்கு ஒரு குச்சிகூட மிஞ்சவில்லை.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, அவையோரே! வேலையாள் வெட்டியெடுத்தது எசமானுக்கே சொந்தம் என்றும் அதே லாக் எழுதி வைத்தார். இந்த நாட்டில் இரயில் பாதை போட்ட நம் பாட்டன்மார் படிக்காமலே அதை அறிந்திருந்தார்கள். படித்த நான் ஏன் மறைத்தேன்? கேட்ட முகங்கள் மலர்ந்தன; அது எனக்குப் பிடித்திருந்தது. சே, வெட்கம்!

சென்ற வாரம் தன்லியின் போகும் பாலத்தருகே, ஒரு கடைத் தாழ்வாரத்தில் ராமாயி ஒண்டியிருக்கக் கண்டேன். திட்டினாரா? ஒரு சுடுசொல் சொன்னாரா? இல்லையே!

"அந்த வெள்ளக்காரருக்குச் சொந்த வீடு இருந்துச்சா, சயா?"

"கடைசிக் காலத்துல சிநேகிதங்க வீட்லதாம்மா இருந்தாரு."

"பரவால்ல. அவருக்கு எடம் குடுக்க ஆள் இருந்திருக்கு."

என் வீட்டு மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. சொல்ல வாயெடுத்தேன். தங்க வருபவர் பெயரை வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டுமே, கேள்வி கேட்பார்களே, நமக்கெதற்கு வம்பு என்று பயம் வந்தது. மணிக்கணக்கில் மேடையில் முழங்கும் இந்த வாய், அங்கே மூடிக்கொண்டது!

தாக்கம் கேட்டீர்களே, இதுதான் என் வழியாக அந்த அறிஞர் இந்த ஊரில் செய்த தாக்கம். பொன்னாடை வேண்டாம், தலைவர் அவர்களே, அதை மடித்தே வையுங்கள். ராமாயி இன்றும் அந்தத் தாழ்வாரத்தில்தான் இருக்கிறார். அறையும் பூட்டியேதான் கிடக்கிறது. இவ்வளவு நேரம் காது கொடுத்ததற்கு நன்றி. வணக்கம்.