காசிம் ஏன் திரும்பினான்

முதல் குண்டு துறைமுகக் கிடங்குப் பக்கம் விழுகிறது. சத்தம் பிறகுதான் வருகிறது. முதலில் தரை அதிர்கிறது. அதிர்வு கால் வழியாக ஏறிப் பல்லில் வந்து நிற்கிறது. மாலை ஐந்து பத்து. 1982, ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை. ஈராக்கில் பாஸ்ரா நகரம். நான் கால்பந்துத் திடலின் மேற்கு ஓரத்தில் மண்வெட்டியோடு நிற்கிறேன்.

"ஓடுங்க! குழிக்கு ஓடுங்க!"

கிளப்புக்குப் பனியன் துவைக்கும் சுப்புராம் தமிழில் கத்துகிறான். பதற்றத்தில் அவனுக்கு அரபி மறந்துவிட்டது. கையில் பாதி மடித்த பனியன்கள். பதுங்குகுழி மேற்குக் கோலுக்குப் பின்னால் இருக்கிறது. மணல் மூட்டை அடுக்கிய குழி. அன்று பயிற்சிக்கு வந்தவர்கள் பதினான்கு பேர். பதினோரு பேர் குழிக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். குதித்துவிட்டார்கள். மூன்று பேர் மட்டும் கிழக்குக் கோலுக்குப் பின்னால், காய்ந்த மேட்டில். கோல்கீப்பர் காசிம். அவனை நோக்கிப் பந்தடித்துப் பழகிக்கொண்டிருந்த இரண்டு பேர். அவர்களுக்கும் குழிக்கும் நடுவே முழுத் திடல் கிடக்கிறது.

இரண்டாவது குண்டு. பக்கத்தில். என் இடது காதுக்குள் ஊசி இறங்குகிறது. அந்த இரண்டு பேரும் திடலுக்கு நடுவே நேராக ஓடி வருகிறார்கள். முழங்கால் வரை சேறு. காசிமும் இறங்குகிறான். இரண்டு எட்டு வைக்கிறான். நிற்கிறான். திரும்புகிறான். திடலைச் சுற்றிப் போகும் சரளைப் பாதையில் ஏறி ஓடுகிறான். மூன்றாவது குண்டு அந்தப் பாதையில் விழுந்தது.

என் பெயர் செல்லக்கண்ணு. பேரையூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் பிறந்தவன். 1977-இல் ஒரு கட்டடக் கம்பெனி ஆளாக பாஸ்ரா போனேன். மறு வருடம் அங்கே ஒரு கால்பந்துக் கிளப்பின் திடல்காரன் ஆனேன். பந்து எனக்குத் தெரியாது. மண் தெரியும். அதற்காகத்தான் என்னை வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கிளப் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள் தொடங்கியது. வேலை முடிந்து செருப்பில்லாமல் பொட்டலில் ஆடினார்களாம். பிறகு கொடி வந்தது. நீலப் பனியன் வந்தது. சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் வந்தார்கள். நான் சேர்ந்தபோது முதல் பிரிவுக்கு ஏறி இரண்டாவது வருடம். இதையெல்லாம் சொன்னவர் செயலாளர் அபு சலாம். ஒவ்வொரு ஆட்டத்தையும் அவர் நோட்டில் எழுதி வைப்பார். யார் அடித்தது, யார் தடுத்தது, வெயிலா காற்றா, எல்லாம். இரும்பு அலமாரி நிறைய நோட்டு இருந்தது.

எல்லாம் இருந்தது. புல்தான் இல்லை. உப்பு மண். விழுந்தால் தோல் உரியும். எங்கள் பக்கத்தில் உவர் நிலத்தை எப்படித் திருத்துவோமோ அப்படியே திருத்தினேன். பாத்தி கட்டினேன். மடை திறந்து தண்ணீரை நிறுத்தினேன். உப்பைக் கரைத்து வடியவிட்டேன். திரும்பத் திரும்ப. பிறகு அருகம்புல் வேரை நாற்று நடுகிற மாதிரி ஒவ்வொன்றாக ஊன்றினேன். நெல்லா நடுகிறாய் என்று ஆட்டக்காரர்கள் கேலி செய்தார்கள். மூன்றாம் மாதம் பச்சை பிடித்தது. கேலி நின்றது. அபு சலாம் குனிந்து தொட்டுப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாரம் ஒரு முறை தண்ணீர் பாய்ச்சுவேன். பாய்ச்சினால் இரண்டு நாள் யாரும் கால் வைக்கக் கூடாது. ஈர மண்ணை மிதித்தால் இறுகிவிடும். வேர் செத்துவிடும். சம்சாரிக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆட்டக்காரனுக்குத் தெரியாது. அதனால் கத்துவேன். "மிதிக்காதே!" ஐந்து வருடம் கத்தினேன். அந்தக் கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். காசிமுக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. எதிர் அணிக்காரன் பந்தோடு உள்ளே வந்தால், "மிதிக்காதே!" என்று கத்திக்கொண்டே பாய்வான். வந்தவன் திகைப்பான். எங்கள் ஆட்கள் சிரித்துச் சாய்வார்கள்.

ஆனால் என் பேச்சை மதித்தவனும் அவன் ஒருவன்தான். கோல் வாயில் புல் எப்போதும் வழுக்கை. அங்கே அவனே உட்கார்ந்து என்னோடு வேர் ஊன்றியிருக்கிறான். பாய்ச்சிய நாளில் மற்றவர்கள் குறுக்கே தாண்டுவார்கள். அவன் மட்டும் சுற்றிப் போவான்.

ஈரானோடு போர் வந்த பிறகும் ஆட்டம் நடந்தது. நானும் பாய்ச்சினேன்.

1983-இல் ஊர் திரும்பினேன். சுப்புராமும் வந்தான். அவன் மதுரைக்காரன். சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை. கிளப்புக்குப் பனியன் தைத்தவன், துவைத்தவன். கீழவாசலில் தையல் கடை போட்டான். நான் திருமங்கலத்தில் ஒரு பருத்திக் கமிஷன் கடையில் சேர்ந்தேன். எதிலும் கால் தரிக்கவில்லை. பேரையூர் பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் இறங்கி நடப்பேன். கல்யாண வீட்டு வெடிச் சத்தத்தில் இலையை விட்டு எழுந்து ஓடியிருக்கிறேன். கிணற்றுப் பாசன நிலத்தைத் தம்பியிடமே விட்டுவிட்டேன். தண்ணீர் பாய்ந்த வயலில் யாராவது கால் வைத்தால் எனக்கு வாய் கட்டிக்கொள்கிறது.

1988. அங்கே சண்டை நின்று மூன்று மாதம். சுப்புராம் ஒரு கடிதத்தோடு வந்தான். கடை வாசலில் நின்றே பேசினான்.

"அண்ணே, அபு சலாம் எழுதியிருக்காருண்ணே. இன்னும் உசுரோட இருக்காரு."

யாரையோ பிடித்து இங்கிலீஷில் எழுதியிருந்தார். நோட்டுகள் எரிந்துவிட்டன. கிளப்பின் கதையை முதலிலிருந்து எழுதுகிறார். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பார்த்தவர்கள் அங்கே அதிகம் மிச்சமில்லை. நீங்கள் இரண்டு பேரும் எழுதி அனுப்புங்கள். கடைசியில் ஒரு கேள்வி. காசிமின் அம்மா கேட்கச் சொன்னது. மற்ற இரண்டு பேரும் நேராக ஓடிப் பிழைத்தார்கள். என் மகன் ஏன் திரும்பினான்?

அப்போது நெடுஞ்சாலையில் ஒரு லாரி டயர் வெடித்தது. நாங்கள் இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். கன்னத்தில் பருத்திக் கொட்டை. கடைக்காரர்கள் சிரித்தார்கள். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டோம்.

"நா என்னத்தடா எழுத?"

"பந்தை எடுக்கத் திரும்புனான்னு எழுதிருவோம்ணே. அந்தம்மா மனசும் ஆறிரும்."

"நீ குழிக்குள்ள இருந்தியே. ஒனக்கு என்ன தெரியும்?"

அவன் கடிதத்தை மடித்தான். விரித்தான். மறுபடி மடித்தான்.

"நீங்க கத்துனது எனக்குங் கேட்டுச்சுண்ணே. ஆறு வருசமா ஒருத்தர்ட்டயும் வாயத் தெறக்கல."

நான் ரோட்டுக்கு இறங்கி நடந்தேன். பின்னாலேயே வந்தான். விருதுநகர் பஸ் உரசிக்கொண்டு போனது.

"அண்ணே, நில்லுங்கண்ணே! எம்புட்டுத் தூரம் நடப்பீங்க?"

"பந்துக்குப் போயி செத்தான்னு பொஸ்தகத்துல வந்துச்சுன்னா, படிக்கிறவன் அவனக் கிறுக்கன்னு சொல்ல மாட்டானா? அவனா கிறுக்கன்?"

சுப்புராம் அழுதான். நானும் அழுதேன். மறுநாள் எழுத உட்கார்ந்தேன். எழுந்தேன். ஒரு வாரம் இப்படியே போனது. இப்போது எழுதிவிட்டேன்.

நடந்தது இது. அன்று மத்தியானம் மடை திறந்தேன். ஐந்து பத்துக்குத் திடல் முழுக்க ஈரம். இரண்டாவது குண்டு விழுந்ததும் இரண்டு பேர் என் புல்லில் இறங்கினார்கள். நான் பார்த்தது உயிருக்கு ஓடுகிற ஆட்களை இல்லை. புல்லில் விழுகிற கால்களை. வாய் தானாகத் திறந்தது.

"மிதிக்காதே!"

அவர்கள் காதில் வாங்கவில்லை. காசிம் வாங்கினான். என்னைப் பார்த்தான். அந்த முகத்தில் பயம்தான் இருந்தது. இருந்தும் காலை எடுத்துக்கொண்டான். சுற்றிப் போனான். நான் மறுபடி கத்த வாயெடுத்தேன். உள்ளே வா என்று. அந்தச் சொல் அரபியில் எனக்குத் தெரியும். தமிழிலும் தெரியும். எதுவும் வரவில்லை.

நான்காவது குண்டு திடலின் நடுவில் விழுந்தது. சேற்றில் புதைந்தது. வெடிக்கவில்லை.

தொலைந்தவை இவை. கிழக்குக் கோல், வலையோடு. சுப்புராம் அன்று துவைத்துக் காயப்போட்ட பனியன்கள் இருபத்திரண்டு. செயலாளர் அறை. அலமாரி. நோட்டுகள் அத்தனையும். பிறகு திடலில் ராணுவ லாரிகள் நின்றன. புல் போனது. என் இடது காது போனது. அன்று குழிக்குள் பிழைத்த பதின்மூன்று ஆட்டக்காரர்களில் நான்கு பேர் பின்னால் போர்முனையில் இறந்தார்கள் என்று கடிதம் சொல்கிறது. மூன்று பேர் எங்கே என்று தெரியவில்லை. ஆறு பேர் இருக்கிறார்கள்.

அன்று இறந்தவர் ஒருவர். காசிம். கோல்கீப்பர். வயது இருபத்து நான்கு. அவன் பந்தை எடுக்கத் திரும்பவில்லை. நான் கத்தினேன், திரும்பினான்.

அபு சலாம், இதை அவன் அம்மாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டுங்கள். என் பெயரைச் சொல்லி வாசியுங்கள்.