ரெங்கசாமிக்குக் காய்ச்சல்

"ஹலோ... ஹலோ, தோட்டத்து ஆபீஸா? பெரிய கிராணி ஐயாதானே? ... வணக்கங்கய்யா. நான்தான், சீதாலெட்சுமி... ஆமா, ஆமா, ரெங்கசாமி சம்சாரம். கிள்ளான்லேருந்து பேசறேன். பக்கத்து வீட்டு டீச்சர் போனு."

குணேஸ்வரி டீச்சர் போனைக் காட்டிவிட்டு நாகரிகமாக அடுப்படிக்குள் போய்விட்டார். போனவர் ஒரு கரண்டிச் சத்தம்கூட எழுப்பவில்லை. அத்தனை காதும் கூடத்தில்தான் இருந்தது.

"குரலுக்கு ஒண்ணும் இல்லங்கய்யா, வேகமா நடந்து வந்தேன்... ஐயா, இன்னிக்கு ஃபைனலுக்கு அவரு வர முடியாதுங்க. அதச் சொல்லத்தான்... காய்ச்சல். நேத்து சாயங்காலத்துலேருந்து உடம்பு கொதிக்குது... ஆமாங்கய்யா, போர்வையப் போத்திக்கிட்டுப் படுத்திருக்காரு."

காலையிலிருந்து மனப்பாடம் செய்துவைத்த பொய். லோரியின் கிளட்ச் சரியில்லை, மேருவில் வர்க்‌ஷாப்புக்குப் போகிறேன் என்று ரெங்கசாமி மத்தியானமே கிளம்பிவிட்டான். அவன் வீட்டில் இல்லாத நேரமே நல்ல நேரம் என்று சீதாலெட்சுமி ஓடி வந்திருந்தாள். பக்கத்தில் நாற்காலி கிடந்தது. அவள் உட்காரவில்லை. ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் அவளுடைய அப்பா முப்பது வருடம் இந்தக் கிராணி முத்துக்குமாருவின் மேசை முன்னால் கைகட்டி நின்றவர். கணக்குப்பிள்ளை வேலையோடு தோட்டத்துக் கால்பந்து டீமையும் கட்டி ஆள்கிறவர் இந்தக் கிராணி. அவரிடம் போனில் பேசினாலும் கால் தானாக நிமிர்ந்து நின்றுவிடும்.

"... ஏங்கய்யா சிரிக்கிறீங்க? ... நெசமாத்தாங்க. இப்பதான் கஞ்சி குடுத்தேன்... ஆமா, என் கண்ணு முன்னாடிதான் படுத்திருக்காரு... என்னது? ... எங்க? ... அங்கயா? உங்க ஆபீஸ்லயா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாள். பூசணிக்காயோ அங்கே பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"... சரிங்கய்யா. பொய்தான் சொன்னேன். அவரு எங்கிட்ட ஒரு பொய் சொன்னாரு, நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன்... யாரு கூட்டியாந்தா? ... நீங்களே வேன் அனுப்புனீங்களா? மேரு முச்சந்திக்கா? ... ஐயா, நீங்க எங்கப்பா மாதிரி. உங்களுக்குத் தெரியாததா? போன வருசம் அந்த எடது முட்டி திரும்புனப்ப நானும் அங்கதானே நின்னேன். திடலே கம்முனு ஆயிப் போச்சே. அத்தன சனம் இருந்தும் மூச்சு சத்தம் இல்ல. இன்னும் அது என் காதுல இருக்குங்கய்யா... ஆமா, ஆமா, பரவால்லாமதான் நடக்குறாரு. நடக்குறதும் பந்து வெளயாடுறதும் ஒண்ணா? செவ்வாக்கெழம ஆப்பரேசன். பெரியாஸ்பத்திரில ஆறு மாசம் காத்திருந்து கெடச்ச தேதி. இன்னொரு தடவ திரும்புச்சுன்னா உள்ள தைக்கிறதுக்குக்கூட ஒண்ணும் மிஞ்சாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. லோரி ஓட்டறவருக்கு எடது காலு இல்லன்னா கிளட்ச எதால மிதிப்பாரு, கையாலயா? ..."

மறுமுனையில் கிராணி நிதானமாக ஏதோ விளக்கினார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பாதியில் தலை நின்றுபோனது.

"... வலிக்கலயா? ... ஊசியா? எந்த ஊசி? ... யாரு, நம்ம டிரஸ்ஸரா? முட்டியிலயே போட்டாரா?"

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே புட்டியிலிருந்து ஊற்றித் தருகிறவர். அவர் இன்று முட்டியை மரத்துப்போகச் செய்கிற ஊசி ஒன்றைப் போட்டு முடித்திருந்தார்.

"வலிக்கலன்னா நல்லாயிருச்சுன்னு அர்த்தமாங்கய்யா? ஆறு மாசமா நான் சொல்லி எதையும் கேக்கல அவரு. அந்த வலி சொல்லித்தான் கேட்டாரு. மாடிப்படி ஏறாதன்னு அதுதான் சொல்லுச்சு, பந்தப் பாத்தாத் திரும்பிக்கன்னு அதுதான் சொல்லுச்சு. அது வாயையும் ஊசி போட்டு மூடிட்டீங்களே!"

சொல்லிவிட்டுத்தான் யாரிடம் குரலை உயர்த்தினோம் என்று உறைத்தது. பரவாயில்லை என்று தோன்றியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பெரிய கிராணியிடம் உட்கார்ந்தபடி பேசியதில் அவள் குடும்பத்திலேயே அவள்தான் முதல் ஆள்.

"... தோட்டத்து மானமெல்லாம் இருக்கட்டும். போன அவருகிட்ட குடுங்க... இல்லங்கய்யா, இப்பவே. குடுங்க."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"... ம். நான்தான்... மேரு வர்க்‌ஷாப்பு எப்படி இருக்கு? கிளட்சு மாத்தியாச்சா? ... போதும், ஒண்ணும் சொல்ல வேணாம்... என்ன, கோல்கீப்பரா நிக்கப் போறீங்களா? அப்ப ஓட வேணாம், சரி. குதிக்க வேணாமா? பந்து வந்தா அது பாட்டுக்குப் போகட்டும்னு கையக் கட்டிக்கிட்டு நிப்பீங்களா? ... செகண்ட் ஹாஃப் மட்டுமா... யாரு கேட்டா? ... அவங்க கேப்பாங்க லா. முட்டி அவங்களுதா? ... வலிக்கலதான், தெரியும். எல்லாம் சொன்னாரு உங்க கிராணி."

டீச்சர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். மறைந்து நிற்கிற சிரமத்தை அவரும் விட்டுவிட்டார்.

"கேரம் வெளயாடுங்கன்னு சொன்னப்ப என்ன சொன்னீங்க? அது காலு இல்லாதவன் வெளயாட்டுன்னீங்க. சரி. இன்னிக்குப் பந்து வெளயாடிட்டு வாங்க. நாளைக்கே கேரம் போர்டு வாங்கி வைக்கிறேன்."

அந்த வார்த்தை வாயைவிட்டு வெளியே போன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து அவன் மெதுவாக ஏதோ சொன்னான். அவள் முகம் மாறியது.

"... ஆமா. கத்துனேன்... இல்லன்னு சொல்லல. நான்தான் கத்துனேன்."

எழுபத்தாறாம் வருடம் அதே தோட்டத்துத் திடலில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, பெண்பிள்ளை என்ற கூச்சமே இல்லாமல் "அடி ரெங்கா, அடி!" என்று கத்தியவள் அவள். வீட்டில் அப்பாவிடம் அறை வாங்கினாள். அடுத்த ஞாயிறும் போய்க் கத்தினாள். அவன் கால்களைத்தான் முதலில் ஆசைப்பட்டாள். முகத்தைச் சரியாகப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அந்தக் கால்களை அவனைவிட அவள் அதிகம் நேசித்தாள். இப்போதும்தான்.

"... அப்ப எனக்குப் பதினெட்டு வயசுங்க. என்ன தெரியும் எனக்கு? ... இப்ப நீங்க ஓடவே வேணாம். வாசல்லேருந்து நடந்து வந்தாப் போதும். எனக்காக... என்னங்க, கேக்குறீங்களா? ... என்ன சத்தம் அது? ... விசிலா? ... யாரு கூப்புடுறா? ... போன வச்சிறாதீங்க! நான் இன்னும் பேசி முடிக்கல! என்னங்க... போன வைக்காதீங்க!"

அவன் வைக்கவில்லை. ரிசீவரை மேசைமேல் கிடத்திவிட்டுப் போனான். சிமிண்டுத் தரையில் பூட்ஸ் சத்தம் டக் டக்கென்று கேட்டு, தேய்ந்து, இல்லாமல் போனது. ஒரு காலின் சத்தம் மட்டும் இலேசாக ஓய்ந்து ஓய்ந்து கேட்டது அவளுக்கு.

"என்னங்க... ஹலோ... கிராணி ஐயா... யாராச்சும்..."

அந்த மேசை ஜன்னலை ஒட்டிக் கிடப்பது அவளுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே திடல். ரிசீவரைக் காதோடு வைத்து அழுத்தினாள். உறுமி மேளம் கேட்டது. கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. அப்புறம் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அவன் பெயர் எழும்பியது, ஒரு வாயில் தொடங்கி நூறு வாய்க்குப் பரவி. கோல்கீப்பருக்கு யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள். பாவி மனுஷன் பந்தோடு ஓடுகிறான்.

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். அது பயத்தையும் அறியவில்லை. சீதாலெட்சுமி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

"அடி..." என்றாள், உதட்டுக்குள். "அடி ரெங்கா..."

மேளம் நின்றது.

கூட்டம் மொத்தமும் கம்மென்று ஆனது. போன வருடம் கேட்ட அதே நிசப்தம். டீச்சர் அவள் தோளைத் தொட்டார். அவள் திரும்பவில்லை.

"ஹலோ... ஹலோ... யாராச்சும் போன எடுங்களேன்! ஹலோ! ... ஆமா, ஆமா, நான்தான், இங்கதான் இருக்கேன்... கிராணி ஐயா, எந்திரிச்சிட்டாரா? ... எந்திரிச்சிட்டாரான்னு மட்டும் சொல்லுங்க... என்ன? ... எத வைக்கணும்? ... ஆம்புலன்ஸுக்கா? ... நான் வச்சாத்தான் உங்களுக்கு லைன் கெடைக்குமா?"

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"... சரிங்கய்யா. வச்சிடறேன். ஒண்ணே ஒண்ணு... ரொம்ப வலிக்குதுன்னு சொல்றாரா? ... என்னது? ... வலிக்கவே இல்லன்னு சொல்றாரா? எறக்கி விடச் சொல்றாரா? மறுபடி வெளயாடணும்னு... சிரிக்கிறாரா?"

சீதாலெட்சுமி போனை வைத்தாள்.