செலவில்லாத ஆள்

எண்ணூற்று அறுபத்து மூன்று நாள் அந்த நெட்வொர்க் ஒரு முறைகூட நிற்கவில்லை. நல்ல நெட்வொர்க் சிறுவாணித் தண்ணீர் மாதிரி. வந்துகொண்டிருக்கிறவரை யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

டீ வேண்டாம், நன்றி. நான் மெதுவாகப் பேசுகிறவள். கேட்கவில்லை என்றால் சொல்லுங்கள், திரும்பச் சொல்கிறேன்.

என் பெயர் லாஸ்யா. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு நெட்வொர்க் படித்தேன். சுந்தரராஜுலு அவர்களின் எண்ணெய் நிறுவனத்தில் நெட்வொர்க் ஆர்கிடெக்ட். எந்த வயர் எந்த வழியாகப் போக வேண்டும், ஒன்று அறுந்தால் எது தாங்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. அலுவலகம் அவிநாசி சாலையில், ஆலை காங்கேயத்துக்கு வெளியே. பெங்களூரில் ஒரு கிளை உண்டு. அங்கே இதே வேலையை ரித்விக் செய்கிறார். ஒருமுறை இங்கே வந்து, நான் போட்ட வரைபடத்தை வாங்கிப் போய், அதையே அங்கும் போட்டுக்கொண்டார். அவருடைய சம்பளம் என்னுடையதைப் போல மூன்று மடங்கு.

சம்பளம் உயர்த்திக் கேட்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. சுந்தரராஜுலு என் அப்பாவின் சிநேகிதர். வீட்டில் மாமா, அலுவலகத்தில் சார்.

"என்ன கண்ணு, நின்னுக்கிட்டே இருக்கற? உக்காரு."

உட்கார்ந்து, ரித்விக்கின் பெயரைச் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அவனோட நீ கணக்குப் பார்க்கக் கூடாது கண்ணு. பெங்களூர்ல அவனுக்கு ஊட்டு வாடகையே உன் சம்பளம் ஆயிருது. உனக்கு துடியலூர்ல சொந்த ஊடு. அம்மா சோறு போடறாங்க. கல்யாணமும் இன்னும் ஆகலை. உனக்கு என்ன செலவு?"

"வேலை ஒண்ணுதானுங்க சார்."

"வேலைதான் அது பாட்டுக்கு ஓடுதே. நான் பார்க்கறப்பெல்லாம் நீ சும்மாதானே உக்காந்திருக்கற." சிரித்தார். அவர் யாரிடமும் கோபமாகப் பேசுவதில்லை. "உங்கப்பாகிட்டச் சொல்லு, நல்ல எடமா நானே பார்க்கறேன்னு."

சொந்த வீடு என்று அவர் சொன்னது என் அண்ணனின் பெயரில் இருக்கிறது. அதன் கடன் தவணை என் சம்பளத்திலிருந்து போகிறது. நான் ஹாலில் படுக்கிறேன், அண்ணன் டிவியை அணைத்த பிறகு. கணபதி ஏரியாவில் ஒரு மாடி அறை பார்த்து வைத்திருந்தேன். ஒரு ஜன்னல். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவு. வீட்டுக்காரம்மா புவனா தீபாவளி வரை பொறுப்பதாகச் சொன்னார். "அட்வான்ஸைக் கொண்டாந்து குடுத்துப்போட்டுச் சாவிய வாங்கிக்கங்க அம்மணி." அந்தக் கதவு மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணெய் பிழிந்த புண்ணாக்கில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருக்கும். அதை ஹெக்சேன் ஊற்றிக் கரைத்து எடுப்பார்கள். பெட்ரோல் மாதிரி ஆவியாகிற திரவம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் படித்தது. ஆவி கூடினால், கொட்டகையில் இருக்கும் கருவிகள் என் வயர் வழியாகச் செய்தி அனுப்பும். சங்கு ஊதும். சைரனை அங்கே சங்கு என்றுதான் சொல்வார்கள். அதற்கு நான் இரண்டு வழி வைத்திருந்தேன், ஒன்று தரைக்கடியில், ஒன்று கிடங்கின் கூரைமேல். ஒன்று போனாலும் சங்கு ஊதும்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாது. ஒருவர் மட்டும் இருப்பார். காலையில் பம்புப் பள்ளத்தில் இறங்கிப் பார்ப்பது அவர் வேலை. பம்பில் ஒரு சீல் கசிகிறது. அதை மாற்றும்படி பலமுறை கேட்டும் பணம் ஒதுக்கப்படவில்லை. அதனால் பெரும்பாலான ஞாயிறுகளில் சங்கு ஊதும். ஊதினால் இறங்கக் கூடாது, மூச்சடைத்துவிடும். விசிறியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அருள்குமார். அவரும் நஞ்சுண்டனும் ஞாயிறு மாற்றி ஞாயிறு அந்த வேலையைப் பார்த்தார்கள்.

"ஏனுங் மேடம், உங்க சங்கு ஞாயித்துக்கெழமைகூட மனுசனத் தூங்க விடறதில்லீங்க," என்றார் ஒருநாள்.

"ஊதுனா நல்லதுதானுங்களே."

"அதுஞ் சரிதானுங்க. அது ஊதலைன்னா எனக்குத்தான் ஊதிப்போடுவாங்க."

பக்கத்தில் நின்ற நஞ்சுண்டன் விடவில்லை. "இவனுக்கு ஊதறதுக்கு யாருங்க அம்மணி இருக்கறா? ஒண்டிக்கட்டை. நாமதான் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஊதோணும்."

மூவரும் சிரித்தோம். அருள்குமாருக்கு ஆலைக்குள்ளேயே அறை, கேண்டீனில் சாப்பாடு. அதே வேலைக்கு நஞ்சுண்டனைவிடச் சம்பளம் குறைவு. "எனக்கென்னங்க செலவு," என்று அவரே சொன்னார். அந்த வாக்கியத்தை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

என் எண்ணம் எளிமையானது. ஓடிக்கொண்டிருக்கிறவரை என் வேலைக்கு மதிப்பில்லை. எனவே அது ஒருமுறை நிற்க வேண்டும். ஞாயிறு என்றால் உற்பத்தி கெடாது. நிறுவனத்துக்கு நஷ்டம் வருவதில் எனக்கு விருப்பமில்லை. திங்கட்கிழமை, சங்கு ஒருநாள் முழுக்கச் செத்துக் கிடந்தது என்று தெரியவரும். பயப்படுவார்கள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை மாலை ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பில் இரண்டு வழிகளையும் மூடினேன். இரண்டு கட்டளை வரிகள். அவற்றை உங்கள் போலீஸ் ஆட்கள் லேப்டாப்பிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். அம்மா பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "வேலையா கண்ணு?" என்றார். ஆமாம் என்றேன். இணைப்பு போனாலும் ஆலையில் இருக்கும் திரை பச்சையாகவே காட்டும். அந்தக் குறையையும் நான் முன்பே எடுத்துச் சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை காலை நஞ்சுண்டன் போன் செய்தார். "அம்மணி, சங்கு ஊதவே இல்லீங்களே," என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பள்ளத்தில் இருந்தவரைப் பற்றி அவரால் சொல்ல முடியவில்லை.

இரண்டு வழிகளையும் திறந்துவிட்டுக் காங்கேயம் பஸ் ஏறினேன். எலி கடித்த பழைய வயர் ஒன்று கிடங்கில் கிடந்தது. இதுதான் காரணம் என்று அதைக் காட்டினேன். சுந்தரராஜுலு அதைக் கையில் வாங்கவே பயந்தார்.

அருள்குமாரின் அம்மா சாமியாத்தாள் கருமத்தம்பட்டியிலிருந்து வந்திருந்தார். தறிக்குப் போகிறவர். நஷ்டஈடு எவ்வளவு கொடுப்பது என்று அலுவலகத்தில் பேசினார்கள். "குடும்பஸ்தனா இருந்தா வேற மாதிரி பார்க்கலாம். இது ஒத்த ஆளு. அந்தம்மாவுக்கு என்ன செலவு," என்றார் சுந்தரராஜுலு. நானும் அந்த அறையில்தான் இருந்தேன். அவர் என்னைப் பார்த்தபோது தலையாட்டினேன்.

அந்த மாதமே எனக்குச் சம்பளம் உயர்ந்தது. "இனிமே இதுல சிக்கனம் பார்க்கக் கூடாது கண்ணு," என்றார். ரித்விக் வாங்குவதில் பாதி. பெங்களூரில் வாடகை அதிகம். தீபாவளிக்கு முன்பே புவனாவிடம் சாவி வாங்கிவிட்டேன். தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், எண்ணெய் விட்டேன்.

நீங்கள் இதை அஜாக்கிரதை என்று எழுதலாமா என்று யோசிக்கிறீர்கள். கூச்ச சுபாவமுள்ள பெண், ஒரு சைரனை நிறுத்தினாள், யாருக்கும் எதுவும் ஆகும் என்று நினைக்கவில்லை. நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் நம்பவும் செய்கிறேன்.

ஆனால், ஏன் அந்த ஞாயிறு என்று முதலிலேயே கேட்டீர்கள். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

எண்ணூற்று அறுபத்து மூன்று என்பது எண்ணூற்று ஐம்பத்தாறாக இருந்திருக்க வேண்டும். முந்தின சனிக்கிழமையே எல்லாம் தயார். லேப்டாப்பைத் திறந்து, இரண்டு வரிகளையும் அடித்து, பிறகு அழித்தேன். மறுநாள் நஞ்சுண்டனின் முறை. அவருக்குக் கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள், வீட்டு வாடகை, மனைவியின் மருந்து. ஒரு வாரம் பொறுத்தேன்.

அருள்குமாருக்குச் செலவு எதுவும் இல்லை.