ராஜபாய் அக்காவின் கொட்டகைக்கு எதற்குப் பூட்டு?

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வார்டு மெம்பர் அவர்களே, பேசி முடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் மோகனன் அவர்களே, அக்காவின் கட்சிக் கிளைச் செயலாளர் சதாசிவன் அவர்களே, அக்காவின் மகன் பிபின், மகள் அம்பிளி, நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் பேக்கரி வாசலில் நிற்கிறவர்களே, எல்லோருக்கும் வணக்கம். நாற்காலி விஷயத்திலேயே பாருங்கள், இந்த ஜங்ஷனில் இன்னும் சோசலிசம் வரவில்லை. இதைக் கேட்டு முதலில் சிரிக்க வேண்டியவர் இன்று மாலை போட்ட படமாக மேசைமேல் இருக்கிறார்.

என் பெயர் சுந்தரதாஸ். அருமனைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் அக்காவின் சொந்தக்காரர்களுக்காகச் சொல்கிறேன். எல்லாக் கட்சியும் பேசுகிற கூட்டம் என்பதால், சோசலிஸ்டுகள் சார்பில் என்னை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். எங்கள் கட்சி பிளந்து பிளந்து, இந்தப் பஞ்சாயத்தில் மிச்சம் இருக்கிற எல்லோரும் இப்போது ஒரே ஆட்டோவில் ஏறிவிடலாம். டிரைவர் வேறு கட்சி. "அப்பாக்க கட்சிக்கு குரூப் போட்டோ என்னத்துக்கு? செல்பி போரும்" என்பாள் என் மகள் பிஜி. அதோ, இப்போதும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

இது கேரள எல்லைக்குள் இருக்கும் ஊர், எனக்கு முன்னால் பேசியவர்கள் மலையாளத்தில் பேசினார்கள். நன்றாகப் பேசினார்கள். நான் தமிழில் பேசுகிறேன். அக்காவும் நானும் வருடக்கணக்காகச் சண்டை போட்டது தமிழில். இரங்கலை மட்டும் வேறு பாஷையில் சொன்னால், இது சுந்தரதாஸ்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

பெரியோர்களே! நான் அழுதுவிட்டு இறங்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் இந்த மேடையில் கேட்ட சில பேச்சுகள் என்னை அழவிடவில்லை. தோழர் என்பதற்கு இங்கே சொல்லும் 'சகாவு' போட்டு மோகனன் சொன்னார்: "சகாவு ராஜபாய் கம்யூனிஸ்டாக இருந்தும் நல்ல மனசு உள்ளவர்." அடுத்து ஒருவர் சொன்னார்: "அவர் உண்மையில் கம்யூனிஸ்டே அல்ல, வெறும் நல்ல மனுஷி." அக்காவை மண்ணுக்குள் வைத்து நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் அவர் வாழ்நாள் முழுக்கப் பிடித்த கொடியைக் கையிலிருந்து உருவப் பார்க்கிறீர்களே, இது என்ன நியாயம்? அந்தக் கொடி எனக்குப் பிடித்த கொடி அல்ல. அந்தக் கொடியோடு நான் சண்டை போட்டவன். ஆனால் அது அவருடைய கொடி. தொடாதீர்கள்!

கம்யூனிசம் என்றால் என்ன? சோசலிசம் என்றால் என்ன? பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் இரண்டு தடவை விழுந்தவனிடம் கேட்காதீர்கள். நேற்று பிஜி போனில் தேடி வாசித்துக் காட்டினாள். பாதி புரிந்தது; புரிந்த பாதியும் சாப்பாடு வருவதற்குள் மறந்துபோனது. ஆனால் இந்த ஊரில் புரியாமலே பேசுவதற்கு யாரும் தயங்கியதில்லை. அக்கா காலமெல்லாம் கேட்டது அந்தப் பேச்சைத்தான்.

கோயிலில், அதாவது சர்ச்சில், பாட்டுக் குழுவில் நிற்பார். "கம்யூனிஸ்டுக்கு இங்க என்ன சோலி?" என்பார்கள். கட்சி ஆபீசுக்குப் போவார். "பாட்டுக்காரிக்கு இங்க என்ன சோலி?" என்பார்கள். அம்பிளி கல்யாணத்துக்கு அவர் இரண்டு வளையல் போட்டுக்கொண்டு வந்தார். பந்தியில் ஒருத்தி கேட்டாள், "கம்யூனிஸ்டுக்கு பொன்னு எதுக்கு அக்கா?" அக்கா பப்படத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "கம்யூனிஸ்டுன்னா பிச்சக்காரின்னு உனக்கு ஆரு சொன்னது? ஊருக்க ரப்பரில எல்லாம் பால் வெட்டின கையாக்கும் இது. இந்தக் கைக்கு வளையல் கூடாதுன்னு சொல்லுத கட்சியில எனக்கென்ன வேலை?"

இதோ உட்கார்ந்திருக்கும் மோகனன் ஒருநாள் என்ன செய்தார்? நீங்கள் சிரிக்கிறீர்கள், அப்படியென்றால் ஞாபகம் உண்டு. அக்காவின் பலாமரத்தடியில் நின்று, நாலு பேர் கேட்கக் கேட்டார்: "எல்லாம் பொதுவுதானே சகாவே? ஒரு சக்க எடுத்துக்கிடட்டா?" அக்கா வாக்கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். "எடு மக்கா. பறிச்சு, ஜங்ஷனுக்குச் சுமந்து, அறுத்து, நிக்கவனுக்கு எல்லாம் சுளை எடுத்துக் குடு. பறிக்கது மட்டும் பொதுன்னா நினைச்சே? பிசினும் பொதுவாக்கும்." அன்று சாயங்காலம் வரை மோகனன் கையில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்தார். பொது என்றால் பிறத்தியான் பொருளை எடுப்பது என்று நினைத்த அவருக்கு, பொது என்றால் வேலையும் உண்டு என்பது விரலில் ஒட்டிக்கொண்டது.

சரி, மோகனனை மட்டும் ஓட்டினால் தப்பு. என்னையும் அவர் விட்டுவைத்தாரா? டீக்கடையில் ஒருவன் கேட்டான், இந்தச் சோசலிசத்துக்கும் கம்யூனிசத்துக்கும் என்ன வித்தியாசம் என்று. நான் எழுந்து நின்று சொன்னேன்: "எங்க பஸ் எல்லா ஸ்டாப்பிலயும் நின்னு, கெழவன் கெழவியையும் ஏத்தி, மெல்ல பாறசாலை போய்ச் சேரும். அவங்க பஸ் எங்கயும் நிக்காது." எனக்கே என் பேச்சு பிடித்துப்போயிற்று. அக்கா கிளாசை வைத்துவிட்டுக் கேட்டார்: "எலே சுந்தரதாசா, உனக்க பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் நிக்கும். நிக்கும்போதெல்லாம் நாலு பேரு எறங்கி வேற கட்சி தொடங்குவானுவ. பாறசாலையில போய் எறங்க ஆளு உண்டுமா?"

கடை முழுக்கச் சிரித்தது. நான் விடவில்லை. "உங்க பஸ்ஸில ஏறினவனுக்கு பெல் அடிக்க அனுமதி உண்டா அக்கா? டிரைவர் தப்பான ரோட்டில போனா யாராவது சத்தம் போடலாமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்று, "நீ சொன்னதில ஞாயம் உண்டு. நான் கூட்டத்தில கேட்டேன். கேட்டதுக்கு ஏச்சும் வாங்கினேன்" என்றார். என் தோழர்களே! தன் கட்சிக்குள் எழுந்து நின்று எதிராளியின் கேள்வியைக் கேட்டவரையா நீங்கள் கம்யூனிஸ்டு அல்ல என்கிறீர்கள்? அவர்தான் கம்யூனிஸ்டு!

இனி கொட்டகைக்கு வருகிறேன். அதற்குத்தான் எழுந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். இங்கே பத்து நாற்பது ரப்பர் மரம் வைத்திருக்கிறவன்தான் அதிகம். பால் எடுத்து, தட்டில் ஊற்றி, உறைந்த பிறகு ரோலரில் கொடுத்து ஷீட் அடிக்க வேண்டும். ரோலர் வாங்க எங்களுக்கு வழியில்லை. முன்பெல்லாம் ரோலர் உள்ளவர் வீட்டு வாசலில், அவருக்கு நேரம் வரும் வரை காத்துக் கிடந்தோம். அக்கா எங்களைக் கூட்டிப் பேசினார். கொட்டகை போட அவர் தன் இடத்தைக் கொடுத்தார். ரோலரைப் பல வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கினோம். அதில் ஒரே ஒரு சட்டம் வைத்தார். ரோலரில் ஒருவர் ஷீட்டைக் கொடுக்க, இன்னொருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும் அல்லவா? தன் ஷீட்டை அடித்து முடித்தவர் அப்படியே போகக்கூடாது. நின்று, அடுத்து வருகிறவருக்குச் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்து வருகிறவர் யாராக இருந்தாலும்.

யாராக இருந்தாலும்! இந்த வார்த்தையின் கனம் ஒரு தேர்தல் முடிந்த மறுநாள் தெரிந்தது. எதிர்க்கட்சி மைக்கில் அக்காவைச் சொல்லத்தகாத விதத்தில் பேசிய மோகனன் தட்டுகளோடு வந்து நிற்கிறார். முன்னால் முடித்தவர் அக்கா. எனக்குக் கோபம். "இவனுக்கா சுத்தப் போறீங்க?" என்றேன். அக்கா கைப்பிடியைப் பிடித்தபடி சொன்னார்: "அவனுக்கு ஆரு சுத்துதா? மொறைக்காக்கும் சுத்துதேன்." மோகனன் முகம் இளகி, "நல்ல மனசு சகாவே" என்றார். "மனசு ஒண்ணும் இல்ல. அடுத்து நீ சுத்தணும், கேட்டியா?" அடுத்து வந்து நின்றது யார்? கார்த்தியாயினி. மோகனனின் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்கிறவர், தன் வீட்டு நாலு மரத்துப் பாலோடு வந்திருந்தார். தோட்ட முதலாளி கூலிக்காரிக்குக் கைப்பிடி சுற்றினார். குறை சொல்லக்கூடாது, ஒழுங்காகவே சுற்றினார். கார்த்தியாயினிதான் பயத்தில் ஷீட்டை இரண்டாகக் கிழித்துவிட்டார்.

மோகனன் அவர்களே, அன்றும் "நல்ல மனசு" என்றீர்கள், இன்றும் அதையே சொன்னீர்கள். நல்ல மனசு என்றால் அது அவரோடு கல்லறைக்குப் போயிற்று. நாங்கள் பழையபடி யாராவது ஒரு நல்லவர் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். முறை என்றால்? முறை சாகாது! அதனால்தான் சொல்கிறேன், அவரை வெறும் நல்லவராக்காதீர்கள்.

இன்று அந்தக் கொட்டகையில் பூட்டுத் தொங்குகிறது. பூட்டியது பிபின். அவனை நான் குறை சொல்லவில்லை. சார்ஜாவிலிருந்து அம்மாவின் அடக்கத்துக்கு ஓடி வந்த பிள்ளை. "கம்யூனிஸ்டுக்காரி இடமாக்கும், கட்சி வந்து எடுத்துக்கிடும்" என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பயந்து பூட்டிவிட்டான். சதாசிவன் சற்று முன்பு பேசும்போது, அங்கே நினைவு மண்டபம் கட்டுவோம், அக்காவின் பெரிய படம் வைப்போம் என்றார். தோழரே, வருத்தப்படாதீர்கள். படத்துக்குக் கைப்பிடி சுற்றத் தெரியுமா? இந்த நாலு நாளாகத் தட்டுத் தட்டாகப் பால் உறைந்து நாறிக்கொண்டிருக்கிறது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் மேடையிலேயே தெரியும். அதற்கு ஊதுபத்தி கொளுத்தச் சொல்கிறீர்களா?

யாரது, "இடம் ஆருக்கது?" என்று பின்னாலிருந்து கேட்பது? நல்ல கேள்வி. இடம் பிபினுக்கும் அம்பிளிக்கும். கட்சிக்கு அல்ல, எனக்கும் அல்ல. பிபின், மக்கா, உன் இடத்தை ஒருவனும் எடுக்க முடியாது. எடுக்க வந்தால் முதலில் மறிக்கிறவன் நான். இடம் வேண்டும், விற்க வேண்டும் என்றால் விற்றுக்கொள். ரோலரை நாங்கள் சுமந்துகொண்டு போவோம். என் வீட்டில் எங்கே இடம்? ஆட்டுக்கூட்டைப் பிரித்தால் உண்டு. ஆடு என்ன சொல்லும், என் பெண்டாட்டி என்ன சொல்லுவாள் என்பது வேறு விஷயம். ஆனால் ரோலர் பூட்டுக்குள் கிடக்க நாங்கள் விடமாட்டோம். அதைச் சொல்லத்தான் அக்காவின் படத்துக்கு முன்னால் நிற்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொருவருக்கும் முன்னால் முடித்தவர் சுற்றிக் கொடுப்பார் என்றேன். விடிந்ததும் வருகிற முதல் ஆளுக்கு? அவருக்கு முன்னால் யாரும் இல்லையே! இத்தனை காலமும் அந்தக் கைப்பிடியைச் சுற்றியது யார் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. அக்காவுக்குச் சொந்தமாக ஐந்தாறு மரம்தான் இருந்தது. ஷீட் இல்லாத நாளிலும் அவர் அங்கே நின்றார். அந்த இடம் இப்போது காலி.

நாளை காலை அந்த இடத்தில் நான் நிற்பேன். சோசலிஸ்டு சுந்தரதாஸ் நிற்பேன். வலது தோள் வலிக்கும், இடது கையால் சுற்றுவேன். எனக்கு முடியாத அன்று சதாசிவன் நிற்கட்டும். அவருக்கு முடியாத அன்று மோகனன் நிற்கட்டும். முடியாது என்று சொல்லிப் பாருங்கள் மோகனன், கார்த்தியாயினியைக் கூப்பிடுகிறேன்! பிபின், நீ சாவியோடு வா. கொடுத்துவிட்டுப் போய்விடாதே, லீவு முடியும் வரை நின்று ஒரு கை பிடி. என்ன, தலையாட்டுகிறாயா? ஜனங்களே, பார்த்துக்கொள்ளுங்கள், தலையாட்டினான்!

அங்கே நடப்பதற்குப் பெயர் என்ன என்று யாராவது கேட்பார்கள். சோசலிசம் என்று நான் சொல்வேன். கம்யூனிசம் என்று சதாசிவன் அக்காவுக்காக மேசையில் அடிப்பார். சண்டை வரும். வரட்டும்! சண்டை நடந்துகொண்டே இருக்கட்டும். ரோலர் நிற்கக் கூடாது.