ஒரே கை பட்ட தலை

களிம்பு வைத்து முடியை நேராக்கிக்கொள்ள வருகிறவர்கள் முந்தின நாளே தலையைச் சொறியக் கூடாது. சொறிந்த இடத்தில் களிம்பு பட்டால் நெருப்பாய் எரியும். பிறகு பொருக்குத் தட்டிக் கிடக்கும். எல்லாரிடமும் சொல்லித்தான் அனுப்புவேன். ஆனாலும் சனிக்கிழமை என் கடைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் சொறிந்துவிட்டுத்தான் வருவார்கள். மறுநாள் திருச்சபைக்குப் பளபளவென்று போக வேண்டும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் ஆர்சல்லா, சுருட்டை போகல" என்பார்கள். நானும் விட்டுவைப்பேன்.

நீங்கள் வழக்கறிஞர் மன்றத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள். துக்க வீட்டில் வழக்குக்கு ஆள் பிடித்தாயா என்று கேட்கிறீர்கள். பிடித்தேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

முதலில் இந்த வேலையைச் செய்தவன் கெய்தர். மாண்ட்கமரியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்காக அலைகிறவன். களிம்பு வைத்துக் கருப்பைப் புற்று வந்த பெண்களைத் தேடி, அலபாமாவில் ஆற்றோரத்து ஊர்களையெல்லாம் சுற்றினான். ஒருநாள் சவப்பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, இறந்தவளின் புருஷனிடம் என்ன களிம்பு வைப்பாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். அவன் வாயில் புதினா மிட்டாய் நாற்றம். வெளியே கூப்பிட்டு, "நீ போப்பா. இவங்க எல்லாம் என் தலைங்க. நான் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

நான் அவனைப்போல் கேட்கவில்லை. அடக்கம் முடிந்ததும் திருச்சபையின் கீழ்க்கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஒரு வெண்ணெய் கேக் செய்து எடுத்துப் போவேன். எல்லார் தட்டிலும் பொரித்த கோழியும் கீரையும் விழுகிறவரை காத்திருப்பேன். பிறகு இறந்தவளின் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். கோழியெண்ணெய் பிசுக்கோடு அந்தக் கைகள் என் கையில் இருக்கும். வீட்டுக்கு வந்து நெடுநேரம் கழுவுவேன். வழக்குக்குச் சேர ஒருத்திகூட மறுத்ததில்லை.

ஆனால் வழக்குகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. எந்தக் களிம்பு என்று நிரூபிக்கச் சொன்னது களிம்புக் கம்பெனி. காலியான டப்பாவை யார் எடுத்து வைத்திருப்பார்கள்? இவள் மூன்று கடைக்குப் போனவள், அவள் புகைபிடித்தவள் என்று ஒவ்வொருத்தியையும் தள்ளினார்கள். என் கையால் வாரிவிட்ட பெண்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். கெய்தர் கடைக்கு வந்து உட்கார்ந்தான். "ஜூரி பார்த்ததும் மனசு இளகணும், மேடம். சபை, ஜெபம்னு இருக்கிற பொம்பளை. சிகரெட் கிடையாது. ஒரே களிம்பு, ஒரே கை. அப்படி ஒருத்தி கிடைச்சா எல்லாரும் ஜெயிக்கலாம்" என்றான். கருப்பையை எடுத்துவிட்டுத் தெம்பாக நடந்து வருகிறவளைப் பார்த்து ஜூரி அழமாட்டார்கள் என்றும் சொன்னான்.

அப்படி ஒருத்தி எனக்குத் தெரியும். என் தங்கை மெர்டிஸ். பாடகர் குழுவில் முதல் வரிசை. அவளுடைய சிறு வயதிலிருந்து அவள் தலையில் என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. அவளுக்கு அப்போது நோய் எதுவும் இல்லை.

அடுத்த வசந்தத்தில், தலையில் களிம்போடு உட்கார்ந்திருந்தவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்ப திரும்ப ரத்தம் படுது."

"எப்பல இருந்து?"

"ஈஸ்டருக்கு முன்னாடியே. டாக்டர்கிட்ட போகவா?"

கெய்தர் கேட்கச் சொன்ன முதல் கேள்வியே அதுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர்கள் இல்லை.

"அட, இதுக்குப் போயா? நம்ம அம்மாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. தானா நின்னுடும்" என்றேன்.

அம்மாவுக்கு அப்படி வரவில்லை.

மெர்டிஸ் சிரித்தாள். "நீ சொன்னா சரிதான். அந்த டாக்டர் கை ஐஸ் மாதிரி இருக்கும்க்கா" என்றாள். அவள் தலையை அலசிவிட்டேன். ஒவ்வொரு முறை வரும்போதும் அவளே பேச்செடுப்பாள். நானும் அதையே சொல்வேன். இலையுதிர் காலத்தில் இடுப்பு வலி தாங்காமல் மகள் ஷெரீஸ்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நோய் ஈரல்வரைக்கும் போயிருந்தது.

மெர்டிஸ் அழகாகச் சாட்சி சொன்னாள். படுக்கையில் சாய்ந்தபடி சொன்னதைப் படம் பிடித்து நீதிமன்றத்தில் போட்டார்கள். கம்பெனிக்காரர்கள் தலை நிமிரவில்லை. இன்று இந்த ஊரில் பல வீடுகளுக்கு நீதி கிடைத்திருக்கிறது என்றால் அது அவளால்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இறந்தவளின் தலையை, உயிரோடு இருக்கும்போது வாரிவிட்டவளே கடைசியாக வாரி அனுப்புவது எங்கள் வழக்கம். மெர்டிஸுக்குப் புற்று மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போய், கடைசி மாதங்களில் புதிதாக முளைத்திருந்தது. பிறந்த குழந்தையின் முடிபோல மெத்தென்று சுருண்டிருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் நேரான முடியில்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. களிம்பை எடுத்து வைத்தேன். அந்தச் சிறிய அறையில் களிம்பின் காரநெடியும் பிணத்தின் மருந்து வாடையும் ஒன்றாகக் கலந்தன. வழக்கம்போல, எரிந்தால் சொல்லுடி என்றேன். பிறகுதான் உறைத்தது. அலசி, வாரி முடித்தேன்.

ஷெரீஸ் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். இன்று காலை என் பின்னால் வந்து நின்றாள். "பெரியம்மா, எனக்கு இனிமே இந்தக் களிம்பு வேண்டாமோன்னு தோணுது" என்றாள். இது புதுசு, அந்த மருந்தெல்லாம் இதில் இல்லை என்றேன். டப்பா மட்டும்தான் புதிது. சிறு வயதிலேயே களிம்பு வைக்கத் தொடங்கிய பெண்களுக்கு அடுத்த வழக்கு வருகிறது என்று கெய்தர் சொல்லியிருக்கிறான். ஷெரீஸுக்கும் சிறு வயதிலேயே முதல் களிம்பு வைத்தது நான்தான்.

நாளை சனிக்கிழமை. தலையைச் சொறியாதே என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தாயில்லாத பெண். வேறு யார் கையில் நான் அவளை விடுவேன்?