சிவப்புத் தரையில் பச்சைக் கோடு

டீ வேண்டாம் ஐயா, இப்போதுதான் ஆஸ்பத்திரி வாசலில் குடித்துவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரர் பண்டிகைக்குக் குடித்திருந்தார், அதனால்தான் விழுந்தார் என்று ஆரணி முழுக்கப் பேசுகிறார்கள். அவர் குடிப்பவர் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எழுபத்தொன்பதில் எங்களுக்குக் கல்யாணம். அந்த மாதமே அவர் என்னிடம் ஒன்றைச் சொன்னார். சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒரே அழுக்குப் பழுப்பு. "வெளில தெரிஞ்சா சாயப்பட்டறைய மூட வேண்டியதுதான் பாஞ்சால," என்று கண் கலங்கினார். எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து நான்தான் அவருக்குக் கண். எந்த நிறமும் தனியாக நிற்காது ஐயா, பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் அதற்கு மதிப்பு. சாம்பல் நூலை மஞ்சளோடு வைத்தால் நீலம் தட்டும். பச்சைக் கரை வந்தால்தான் அரக்கு எடுப்பாகத் தெரியும். நான் காதோடு சொல்வேன், குப்புராஜ் கை வைத்தால் சாயம் தப்பாது என்று அவர் பெயர் வாங்குவார். நான் அதற்கு வருத்தப்பட்டதே இல்லை.

போன சித்திரையில் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். நூலைச் சாயத்தில் முக்கும்போதே முடிச்சுப் போட்டுவிடுவது. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு. பிறகு விரலால் தடவினால் போதும். "இனிமே நீ ஆவில வெந்துகினு இருக்க வேணாம். வூட்ல நிம்மதியா இரு," என்றார். பிரியமாகத்தான் சொன்னார். அவருக்கு அத்தனை வருஷம் இருந்த பயம் அன்றோடு போயிற்று, எனக்குப் பிடித்துக்கொண்டது. பிள்ளை பெறாதவள் நான். கண்ணும் வேண்டாம் என்றால் என்னை எதற்கு வைத்திருப்பார்?

பட்டறைத் தரை சிவப்புச் சிமெண்டு. நூல் வேகவைக்கும் கொப்பரையைத் தரை மட்டத்தில் பதித்திருக்கிறோம். ஆவி கிளம்பினால் அதன் வாய் தெரியாது. அதனால் சுற்றிலும் சுண்ணாம்பால் வெள்ளைக் கோடு போட்டு வைப்போம். அதைத் தாண்டி யாரும் கால் வைக்க மாட்டார்கள். கோடு போடுவது என் வேலை.

ஆயுத பூஜைக்கு முன்னால் பச்சையில் நாலைந்து விதம் கலந்து, சிவப்பு அட்டையில் தீற்றி வீட்டில் அவரிடம் காட்டினேன். மற்றவற்றை வெளுப்பு, கறுப்பு என்று பிரித்துச் சொன்னார். ஒன்றை மட்டும் தடவித் தடவிப் பார்த்தார். "இதுல எதுவுமே இல்லியே," என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பூஜைக்குப் பட்டறையைக் கழுவி, வெள்ளையைச் சுரண்டிவிட்டு, அந்தப் பச்சையில் கோடு போட்டேன். வேலைக்காரர் தங்கவேலு பார்த்துவிட்டு, "கல்யாணப் பொடவ கணக்கா எடுப்பா கீதுக்கா," என்றார். தெருவிலிருந்தே தெரிந்தது. மறுநாள் கொப்பரை கொதித்தது. இரண்டு கையிலும் நூலோடு வந்தவர், காலடியில் வெள்ளையைத் தேடிக்கொண்டே நடந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

நீங்கள் விசாரிக்க வந்தபோது, கோடே இல்லை என்று அவர் சொன்னதை நம்பவில்லை. நீங்களும் அதைப் பார்த்தீர்கள் அல்லவா? அவர் பொய் சொல்லமாட்டார் ஐயா. அவர் தவறி விழவில்லை. நான்தான் விழ வைத்தேன்.

உயிர் தங்கிவிட்டது. முகம் வெந்துபோனதால் பார்வை மட்டும் இனி வராதாம். நான்தான் ஊட்டுகிறேன், துடைக்கிறேன். நேற்று, "கோட்டுக்கு இன்னா கலர் போட்ட?" என்று கேட்டார். "பச்ச," என்றேன். நிறத்தில் நான் அவரிடம் பொய் சொன்னதே இல்லை. அதற்குப் பிறகு நான் தொட்டாலே அவர் உடம்பு உதறுகிறது. குளிராக இருக்கும். சீக்கிரம் எழுதி முடியுங்கள் ஐயா, நான் பக்கத்தில் இல்லாமல் அவர் பயந்துகொண்டிருப்பார்.