தலை நனையாதவர்

எங்கள் சித்தூர்ப் பக்கம் சென்னை ராஜ்யத்துக்கா ஆந்திராவுக்கா என்று முடிவாகாத வருடம். காணிப்பாக்கத்தில் சித்தூர் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இருவர். இளையவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெரியவர் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்.

"உன் தம்பிய நான்தான் கொன்னேன்னு ஊரே சொல்லிக்கினு இருந்துச்சா, எனக்கே அப்படித்தான் தோண ஆரம்பிச்சிடுச்சிண்ணா."

"அதான் குளத்துல முழுகி, புள்ளையார் எதிர்ல சத்தியம் பண்ணிட்டியே. இனிமே எவன் கேப்பான்?"

"பொய் சத்தியம் பண்ணா சாமி சும்மா வுடாதாமே?"

"வுடாது."

"அவன்கூடப் பழகுன அத்தினி பேரும் முழுகி சத்தியம் பண்ணோம். நீ மட்டும் ஏன்ணா குளத்துல எறங்கல?"

"ஜலதோஷம்டா."

சித்தூர் வரும்வரை பெரியவர் ஒருமுறைகூடத் தும்மவில்லை.